எவ ஜாமீன் நிப்பா?

"என் வீட்டுக்காரரையே கோர்ட்டுக்கு இழுக்கறியாமே? அவ்வளவு கொழுப்பா உனக்கு?"

புதாய் மீன் சந்தையின் நட்டநடுவில் நின்று கத்தினாள் முதலாளியம்மா. இறாலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற சாய்ஃபெங் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊரே முதலாளியம்மா என்று மட்டும் கூப்பிடும் அவளுடைய புருஷன் குவோ, விருந்துச் சமையல்காரர். தென் தைவானில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு யார் வீட்டுக் கல்யாணம் நடந்தாலும் அடுப்பு அவருடையதுதான். போன மழைக்காலத்தில் அவர் லாரியைப் பின்னால் எடுத்தபோது சாய்ஃபெங்கின் மீன் உருண்டை சூப் வண்டி நொறுங்கியது. கூடவே அவள் முழங்காலும். அந்த வண்டிதான் அவளுக்குச் சோறு போட்டது.

நஷ்டஈடு கேட்கப் போனால் மனுஷர் சிரித்தார்.

"தாராளமா கேஸ் போடு. ஜெயிச்சாலும் என்கிட்டேருந்து என்னத்தை எடுப்பே? வீடு, சமையல் கூடம், லாரி எல்லாம் பொண்டாட்டி பேர்ல. எனக்குன்னு இருக்கறது இந்தக் கரண்டி ஒண்ணுதான்!"

கடன்காரர்களுக்குப் பயந்து செய்து வைத்த ஏற்பாடு. ஆனால் கல்லாச் சாவி மட்டும் அவர் இடுப்பைவிட்டு இறங்காது. இது ஊருக்கே தெரியும்.

கோர்ட்டில் வேறு தலைவலி. வழியில்லாதவர்களிடம் அங்கே கட்டணம் வாங்க மாட்டார்கள். ஆனால் சாய்ஃபெங் ஏழைப் பட்டியலில் இல்லை. எப்போதோ வீட்டைவிட்டு ஓடிப்போன மகன் எங்கேயோ சம்பாதிக்கிறானாம், அதனால் அவள் ஏழை இல்லையாம். என்ன கணக்கோ!

"இன்னொரு வழி இருக்குக்கா," என்றான் கவுண்டரில் இருந்த கிளார்க். "வசதியான உள்ளூர்க்காரங்க யாராவது ஜாமீன் நின்னா போதும், இப்போ கட்டணம் கட்ட வேண்டாம். நீங்க தோத்தா அவங்க கட்டணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா கேஸ் தள்ளுபடியாயிடும்."

வட்டத் தலைவரிடம் ஓடினாள்.

"அக்கா, அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். குவோதான் சமையல். இந்த நேரத்துல போய்..." என்று இழுத்தவர், டீ ஊற்றிக் கொடுத்து வழியனுப்பினார்.

கடல் தேவி மாட்சுவின் கோயில் கமிட்டித் தலைவர் அவள் கையில் ஊதுவத்தியைத் திணித்தார்.

"தேவிகிட்ட சொல்லுங்க. அவ பார்த்துப்பா."

கோயில் விருந்துக்கும் குவோதானே!

இப்படி நொந்து போய் வந்தவளைத்தான் முதலாளியம்மா சந்தையில் மடக்கியிருந்தாள்.

"கட்டணம் கட்ட வக்கில்ல, கேஸ் ஒரு கேடா? உனக்கு எவ ஜாமீன் நிப்பா? நானும் பார்க்கறேன். எப்ப கடைசி நாள்?"

"வெள்ளிக்கிழமை," என்றாள் சாய்ஃபெங், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வெள்ளிக்கிழமையா? பார்த்துடலாம்!"

கூடையைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று போய்விட்டாள்.

"பணத் திமிர்," என்று முணுமுணுத்தாள் சிப்பி விற்கிறவள். முதலாளியம்மா தெருமுனை தாண்டிய பிறகுதான்.

வெள்ளிக்கிழமை மனுவைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சாய்ஃபெங் பஸ் ஏறினாள். அவளைக் கண்டதும் கிளார்க் எழுந்தே நின்றுவிட்டான்.

"எங்கக்கா போயிட்டீங்க? உங்க கேஸை விசாரணைக்கு எடுத்தாச்சு! காலையில கதவு திறக்கும்போதே ஒரு அம்மா வந்து ஜாமீன் பத்திரத்துல கையெழுத்துக்குத் தன் பேர் முத்திரையைப் போட்டுட்டாங்க. ஜட்ஜும் ஏத்துக்கிட்டார்."

"யாரு தம்பி?"

"ஜியென் பிஷியான்னு பேரு."

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். இத்தனை நாளும் அவமானத்தில் வந்த கண்ணீர் இல்லை இது.

"எந்த மகராசியோ! ஊர்ல அத்தனை பேரும் கைவிட்டப்ப, முகம் தெரியாத எனக்காக வந்து நின்னுருக்காங்களே! அவங்க வீடு எங்க தம்பி? ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன். திரும்பவும் வண்டி போட்டா முதல் கிண்ணம் சூப் அவங்களுக்குத்தான்."

"ஐயோ, அது மட்டும் வேணாம்க்கா. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம். சந்தையில பார்த்தா வழக்கம்போல தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடணுமாம்."

"சந்தையிலயா?" சாய்ஃபெங் நிமிர்ந்தாள்.

"ஆமாங்க்கா. விவரம் தெரியாம மாட்டிக்கறாங்களோன்னு நான்கூட எச்சரிச்சேன். 'அம்மா, அந்தக்கா தோத்தா கட்டணம் உங்க தலையில விழும்'னு சொன்னேன். அதுக்கு அவங்க சிரிச்சுக்கிட்டே, 'அவ ஜெயிச்சா இன்னும் பெரிசா என் தலையில விழும், லாரியே என் பேர்லதான் இருக்கு, நஷ்டஈட்டை நான்தான் கொடுப்பேன். முத்திரையை எங்க போடணும், அதைச் சொல்லு'ன்னாங்க."