கபூலா வாழைக்குலைக் கடை

ஒரு ராஜ்ஜியத்துக்கு நான் இருநூறு ரூபாய் விலை சொன்னேன்.

ராஜ்ஜியம் என்றால் அறுபத்து நான்கு பக்கப் படக்கதை. சிவப்பு மை ஊறிய அட்டை. உள்ளே காடு, முதலை, வனவீரன் ஹென்றி. அப்புறம் கபூலா.

கேட்டு வந்தவனுக்கும் கபூலா என்றுதான் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரெத்தினதாஸ். அந்தப் பெயர் ரேஷன் கார்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

"எழுவத்தஞ்சு பைசாவுக்கு மேடிச்ச புக்காக்கும் வேலாயுதா," என்றான். "இருநூறுன்னு எந்த வாயிலே சொல்லுத?"

"எழுவத்தஞ்சு பைசா காலத்துல நீ நிக்கர் போட்டுட்டா நடந்த? எல்லாம் ஏறியாச்சு."

சிரித்தான். இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை என் கடை மேசையில் வைத்தான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பாறசாலையில் பேரம் பேசாமல் காசு வைப்பவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை என்றால் வேறெதற்கோ வந்தவன்.

தொண்ணூற்று நாலு சித்திரையில் அவன் பனச்சமூட்டில் வாழைக்குலைக் கடை போடுகிறான். போர்டு எழுதுகிறவனுக்குக் காட்ட ராஜாவின் படம் வேண்டுமாம்.

பத்து வயதில் நாங்கள் சேர்ந்து வாசித்த புத்தகம் அது.

சேர்ந்து என்றால், நான் வாசிப்பேன், அவன் கேட்பான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதுகிறவர்கள். கடைக்கணக்கைத் தமிழில் எழுத ஆள் வேண்டும் என்று என்னை மட்டும் அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் படிக்க அனுப்பினார். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதுதான் எனக்கு மூலதனம்.

அவன் முந்திரிக்கொட்டை பொறுக்கி வருவான். நான் அதை விற்றுப் புத்தகம் வாங்குவேன். புத்தகம் என் பெட்டியில் இருக்கும்.

அவன் நல்ல கறுப்பு. படத்தில் இருந்தவனும் கறுப்பு.

"இதாரு, என்னைப்போல இருக்கான்?" என்று ஒருநாள் கேட்டான்.

கொட்டை வரத்து நின்றுவிடக் கூடாதே என்று, "ராஜாவாக்கும்" என்றேன். கபூலா மண்டியிட்டிருந்த படத்துக்கு, ராஜா மூலிகை தேடுகிறார் என்றேன். அன்றுமுதல் கபூலா என்று கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்தித் திரும்புவான்.

மற்றப் பயல்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒரே சரக்கை இரண்டு விதமாக விற்றேன். ஊர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டது, அவன் நிமிர்ந்துகொண்டே திரும்பினான்.

இப்போது, இருபத்தைந்து வருடம் கழித்துப் புரட்டினேன்.

இதைவிடப் பிரியமான புத்தகம் எனக்கு இருந்ததில்லை. அம்மை போட்டிருந்தபோது தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறேன். ஹென்றியின் தொப்பி அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஐம்பது காட்டுவாசிகளுக்கும் ஒரே முகம். வரைந்தவன் மையில் சிக்கனம் பார்க்கவில்லை, முகத்தில் பார்த்திருந்தான். மூக்கில் எலும்பு. பாதி முகத்துக்கு உதடு. பேச்சு என்று அவர்களுக்குக் கொடுத்திருந்தது 'ஊ, ஊ' மட்டும்.

கபூலாவின் தலையில் எந்தப் பக்கத்திலும் கிரீடம் இல்லை. ஹென்றியின் பூட்ஸ்தான் இருந்தது.

இது போர்டில் ஏறினால், அந்தப் பக்கமிருந்து குலை இறக்க வருகிற ஒவ்வொரு வண்டிக்காரனும் சிரிப்பான். சொல்லிவிடலாம். சொன்னால் நிமிர்ந்த நெஞ்சு விழும். கூடவே, விழவைத்தது யார் என்பதும் தெரிந்துவிடும்.

"அன்னைக்கு வாசிச்சது மாதிரி ஒருக்கா வாசி மக்கா," என்றான். "கேட்டுட்டுக் கொண்டு போறேன்."

விரல் பட்ட இடம் நாற்பத்தேழாம் பக்கம். ஹென்றி கையை நீட்டி நிற்கிறான். கபூலா எதிரே நிற்கிறான். என் வாய் பழகிய வழியில் போனது.

"மன்னர் கபூலாவே, தங்கள் காட்டில் தங்க எனக்கு அனுமதி வேண்டும்."

அவன் குனிந்தான். ஹென்றியின் வசனத்துக்கு அடியில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தான்.

"மண்டியிடு, கரிக்குரங்கே."

நான் பக்கத்தை மூடப் போனேன். அவன் விரலை எடுக்கவில்லை.

"நாகர்கோவில் லாரியில எட்டு வருஷம் கிளீனராட்டுப் போனவனாக்கும் நான்," என்றான். குரலில் கோபம் இல்லை. "ரோட்டுல எழுதிப் போட்டிருக்கத வாசிக்காம வழி சொல்ல ஒக்குமா? உனக்க ராஜா மேல சந்தேகம் பண்டே உண்டு. இன்னைக்குத்தான் கையில கிட்டிச்சு."

"பின்னெ போர்டுல ஏன் இந்தப் பேரு?"

கேட்கக் கூடாத ஆள் கேட்டேன்.

"போர்டு எழுதுகவன்கிட்ட ரெத்தினதாஸ்னு எழுதுன்னுதான் சொன்னேன். அதாரு, உனக்க கூட்டு வியாபாரியான்னு கேக்கான்."

நோட்டுகளை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் என் பக்கம் தள்ளினான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாடிக்கைக்காரன் போல் உட்கார்ந்தான்.

"காசு தந்தாச்சு மொதலாளி. மிச்சத்தையும் வாசி. ராஜான்னு சொல்லியே வாசி."

அடுத்த படத்தில் கபூலாவைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகிறார்கள்.

'மன்னரின் ஊர்வலம்' என்று ஆரம்பித்தேன்.

அறுபத்து நான்கில் நாற்பத்தேழு போக, இன்னும் பதினேழு பக்கம் பாக்கி.