முன் இருக்கை

அவன் மறுபடியும் சிரித்தான்.

இவளுக்குச் சற்று முன்னால், இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிளின் பின் இருக்கையில் இருந்துகொண்டு. முன் இருக்கையில் பிர்கிட்.

நேற்றுவரை அது இவளுடைய இடம். அவனுக்குப் பார்வை போனதிலிருந்து சைக்கிளில் மட்டுமல்ல, கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மனைவி இவள்தான் அவனுக்கு முன்னால்.

இன்று காலையில் இவளுடைய முழங்கால் வீங்கிவிட்டது.

பார்வையற்றவர்களை டானியூப் ஆற்றின் கரையோரம் சைக்கிளில் கூட்டிப்போகும் குழுவில் பிர்கிட் ஓர் உதவியாள். கேட்காமலே வந்து நின்றாள். இவளிடம் ஒரு மின்சாரச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவனுடைய பெயர் பரராசசிங்கம். ஒரே காலையில் பிர்கிட் அதைப் 'பரா' ஆக்கிவிட்டாள்.

மோட்டார் இவளைத் தள்ளியது. முந்தியிருக்கலாம். முந்தவில்லை. பேச்சுக் கேட்கிற தூரத்திலேயே வந்தாள்.

பிர்கிட் ஜெர்மனில் ஓயாமல் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு சரக்குக் கப்பல். அதன் மேல்தட்டில் பனியனோடு ஒருவன் சவரம் செய்கிறான். நாய்க்கூண்டில் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறான். நாய் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையைப் பார்க்கிறது.

பின் இருக்கையில் அவன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பினான்.

இவள் சொல்லி அவன் ஒரு நாளும் அப்படித் திரும்பியதில்லை.

இவள் என்ன சொல்லியிருக்கிறாள்? மேடு வருது. பாலம், குனியுங்கோ. பிரேக் பிடிக்கிறன்.

ஒரு நாளும் அவனை விழுத்தியதில்லை.

மதியம் படகுத்துறையில் நின்றார்கள். அவனுடைய தலைக்கவசத்தின் வாரைப் பிர்கிட் கழற்றிவிட்டாள். அவனுக்கே கழற்றத் தெரியும். இருந்தும் நாடியைத் தூக்கிக் கொடுத்தான்.

"கப்பலிலை ஒருத்தன் முகம் வழிச்சுக்கொண்டு நிண்டவனாம். நீரும் கண்டனீரோ?"

"ஓம்," என்றாள்.

இவள் கப்பலைக் காணவில்லை. அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாப்பிட்டு எழும்பியதும் நேரே போய் முன் இருக்கையில் ஏறினாள். பிர்கிட் முழங்காலைக் காட்டி ஏதோ சொல்ல வந்தாள்.

"டாங்கே," என்று ஜெர்மனில் நன்றி சொன்னாள் இவள், கதவைச் சாத்துகிற குரலில்.

அவன் பின்னால் ஏறிக்கொண்டான். முதல் மிதியிலேயே முழங்காலுக்குள் ஊசி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு சும்மா ஓடியது. கப்பல் இல்லை. அக்கரையில் காடு. இக்கரையில் புல். வேறொன்றும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

"என்ன, கதையாமல் வாறீர்?"

"அங்கை ஒரு பொம்பிளை ஆடு குளிப்பாட்டுறா."

அவன் நிமிர்ந்தது சைக்கிளில் தெரிந்தது.

"எத்தினை?"

"மூண்டு."

அவன் காது கொடுத்தான். ஓர் ஆடும் கத்தவில்லை. தண்ணீர் அலம்புகிற சத்தமும் இல்லை. காற்றில் ஆட்டு வாடையும் இல்லை. அவனுக்கு இதெல்லாம் தப்பாது என்பது அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. முகம் சுட்டது.



பிறகு பின்னாலிருந்து மிதி பலமாக வந்தது. இவளுடைய கால் தன்பாட்டில் சுற்றத் தொடங்கியது.

"ஆடு என்ன நிறம்?" என்று கேட்டான்.

இவள் வெறும் கரையை நன்றாகப் பார்த்தாள்.