சுவரில் ஒரு முகம்

காரைக்குடியில் பாண்டீஸ்வரியும், சென்னையிலிருந்து புதிதாக வந்த ராஜப்ரியாவும் சேர்ந்து ஓவியக்கூடம் திறக்க இருந்தார்கள். வாசல் சுவரில் ஆண்கள் சிறுநீர் கழிப்பதுதான் பெரும் தொல்லை.

“சாமி படம் வரைஞ்சிடலாமாக்கா?” என்றாள் ராஜப்ரியா.

“இந்த நாத்தத்துல சாமி எதுக்கு? என் முகத்தையே வரையுறேன்.”

“சிரிச்ச முகத்துக்கு யாருக்கா பயப்படுவாங்க?”

“கண்ணாடி பாத்து வரைஞ்சா கண்ணு நேரா பாக்கும் ராஜி. எங்குட்டு நின்னாலும் நம்மளையே பாக்கும். கலை நாலு பேருக்கு உதவட்டுமே.”

படம் முடிந்த மாலையே வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவர் சுவரோரம் ஒதுங்கினார். இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள்.

நிமிர்ந்தவர் சட்டென்று வேட்டியை இறக்கிவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

“குட் ஈவ்னிங் டீச்சர்,” என்றார் படத்திடம்.