சமையலறை ஜன்னல்

“ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு நீங்களே படிங்க.”

மாடியில் வசிக்கும் வீட்டுக்காரர் காகிதத்தை நீட்டினார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை வாங்கவில்லை.

“தெரியும் சார். வருஷம் முடியறதுக்குள்ள நீங்களோ நாங்களோ யார் விலகினாலும், அவங்க மத்தவங்களுக்கு ரெண்டு மாச வாடகை கொடுக்கணும்.”

“வந்து அஞ்சு மாசம்கூட ஆகல. அப்படி என்ன அவசரம்?”

“கடைக்குப் பக்கமா ஒரு வீடு கிடைச்சிருக்கு.”

“பக்கமாவா? இங்கேருந்தே நடந்துதானே போறீங்க?”

அவர் சிரித்து மழுப்பினார்.

வாசலில் மூட்டைகளோடு நின்ற அவர் மனைவி, “தையல் மெஷின் அடுத்த வருஷம் வாங்கிக்கலாங்க. அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லுங்க” என்றாள்.

வீட்டுக்காரர் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். முறைப்படி வாங்குவதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஆனாலும் உறுத்தியது. ஒரு வார்த்தை பேரம் பேசவில்லையே, எதையாவது உடைத்துவிட்டு நழுவுகிறார்களா?

வண்டி கிளம்பியதும் சாவியோடு உள்ளே போனார்.

சுவரில் ஓர் ஆணித் தடம்கூட இல்லை. தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்; ஈரம்கூட இன்னும் காயவில்லை. சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதானே பார்த்தேன்! குழாயைக் கெடுத்துட்டான்.”

“அது அவங்க வர்றதுக்கு முன்னாடியே சொட்டினதுதாங்க.”

திடுக்கிட்டுத் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்கள் மேலே ஏறும் குறுகலான இடைவெளி. அதன் வழியாக மாடிச் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல், தோளருகே நின்று பேசுவது போல வந்தது.

“மெதுவாப் பேசுங்க, பேத்தி இப்பதான் கண்ணசந்தா. நாளைக்கே நம்ம பொண்ணைக் கீழே குடிவெச்சிடலாம். கைக்குழந்தையோட ஹால்ல படுத்துப் படுத்து அவளுக்கு முதுகே போச்சு.”

வீட்டுக்காரர் அந்த இடைவெளியை நிமிர்ந்து பார்த்தார்.

பத்து நாளைக்கு முன்னால், அதே மாடிச் சமையலறையில் நின்று மனைவியிடம் தான் சொன்னது இப்போது அவருக்கே கேட்டது.

“அவங்களாப் போயிட்டாத் தேவலை. நாம போகச் சொன்னா, ரெண்டு மாச வாடகையை நாமல்ல கொடுக்கணும்!”