மாடியில் மீன் குழம்பு

“உள்வாடகைக்கு விடக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு, மிஸ்டர் சுந்தரம்.”

மாடிப் போர்ஷன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் சிரில். கீழ் வீட்டுக்காரர். மாதாமாதம் வந்து வாடகை வாங்குபவரும் அவர்தான். பிரேசர் டவுனில் கறாருக்குப் பேர் போனவர்.

“உள்வாடகை எல்லாம் இல்ல சார். ஒரு லேடி, கொஞ்ச நாள் தங்கிக்கறேன்னாங்க. என் மிஸ்ஸஸும் சரின்னுட்டா.”

“முட்டைகூடத் தொடாத வீடு உங்களுது. நேத்து மீன் குழம்பு வாசனை கீழ வரைக்கும் வந்துச்சு. நான் டீயும் பன்னுமா உக்காந்திருக்கேன்.”

“அவங்க பால்கனியில தனி ஸ்டவ் வச்சு சமைக்கறாங்க சார்.”

“இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க.”

“நான் எப்படி சார் சொல்றது? பெரியவங்க.”

“கூப்பிடுங்க. நான் சொல்றேன்.”

சுந்தரம் தயங்கியபடி உள்ளே போனார். கையில் கரண்டியோடு வெளியே வந்தாள் டோரீன். சிரிலின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டுவிட்டு, கோலாருக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியோடு கிளம்பியவள்.

 சிரில் அப்போதும் கறாரை விடவில்லை.

“ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். இங்க தங்கக் கூடாது. கீழ வா.”

“அதை வீட்டு ஓனர் சொல்லணும்” என்றாள் டோரீன். “எங்கப்பா என் பேர்ல எழுதிவச்ச வீடு இது. சுந்தரத்துக்கு நான் பர்மிஷன் கொடுத்துட்டேன். நீங்க கீழ தங்கறதுக்கு யார்கிட்ட கேட்டீங்க?”