வேலிக்குள்ளே மைக்செட்

“மேடம், புல் திருடன் சிக்கிட்டான். உடனே வாங்க!”

பால் சங்கத் தலைவர் போனில் சொன்னதும் தீவனப்பயிர் ஆலோசகர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பொது மேய்ச்சல் நிலத்தில் பாதியை வேலி போட்டுப் பூட்டி, புல் விதைத்து, அது வளரும்வரை மாடு விடக்கூடாது என்று எல்லோரையும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். இப்போதுதான் புல் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. ஒருவர் அறுக்க ஆரம்பித்தால் போதும், நாளைக்கே ஆளாளுக்கு அரிவாளோடு இறங்கிவிடுவார்கள்.

வேலியோரம் கூட்டம். நடுவில், சாக்கு மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி மைக்செட்.

மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல் என்பதால் அவருக்கு அந்தப் பேர். “நிலத்தைப் பூட்டிட்டா மாடு காத்தையா மேயும்?” என்று முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர்.

“வேலி வேண்டாம்னு அந்தக் கத்து கத்தினது இதுக்குத்தானா?” என்றார் தலைவர். “மேடம், இனிமே இவர் வீட்டுப் பால் சங்கத்துக்கு வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

மைக்செட் மூட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

“மூட்டையை அவிழுங்கண்ணே” என்றார் ஆலோசகர்.

“விடுங்கம்மா. பால் வேண்டாம்னா போகட்டும். நான் வீட்டுக்குப் போறேன்.”

தலைவர் மூட்டையை வெடுக்கென்று பிடுங்கிக் கவிழ்த்தார்.

ஒரு புல்கூட இல்லை. அத்தனையும் பார்த்தீனியம். வேரோடு பிடுங்கிய விஷச்செடி. மொட்டுகூட விரியவில்லை.

ஆலோசகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது மட்டும் பூத்து விதை விழுந்திருந்தால், அடுத்த மழைக்குப் புல்லையே அமுக்கியிருக்கும்.

மைக்செட்டின் கைகளைப் பார்த்தார். அந்தச் செடி பட்டு முழங்கைவரை சிவந்து தடித்திருந்தன.

தலைவர் குனிந்து, கொட்டியதையெல்லாம் அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தார்.

“ஏண்ணே, சொல்லியிருந்தா நாங்களும் சேர்ந்து பிடுங்கியிருப்போமே! எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?” என்றார் ஆலோசகர்.

“புல்லு எழும்பி வர்றதைப் பார்த்ததும் சும்மா இருக்க மனசு வரலைம்மா. ஆனா, கூட்டத்துக்குக் கூட்டம் உங்களை அந்தப் பேச்சு பேசிட்டு, ‘நீங்க சொன்னதுதான் சரி’ன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து சொல்றது?”