புகை வராத அடுப்பு

“அக்கா, இந்த அடுப்பிலை புகையே வராது!”

“அதுதான் ஐயா இதிலை உள்ள குறை,” என்றாள் நேசமலர்.

செல்வநாயகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழும்பிலிருந்து ரயிலேற்றி, புளியங்குளத்திலிருந்து வன இலாகா ஜீப்பில் தொற்றிக்கொண்டு, அந்த வெயில் அடுப்பை இந்தக் குடியேற்றம் வரை கொண்டுவந்திருக்கிறார். மல்லாத்தி வைத்த குடை மாதிரிப் பளபளக்கும் தகடு, நடுவில் பானை. ஒரு வீடாவது ‘ஓம்’ சொல்லாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். அவருடைய உத்தியோகமும் அதோடு சரி.

அடுப்பு என்னவோ மானத்தைக் காப்பாற்றியது. சோறு பூப்போல வெந்தது. ஆனால் ஜீப் வந்து நின்ற கையோடு குசினிக்குள் ஓடிய நேசமலர், விறகடுப்பில் பச்சை இலைகளைத் திணித்து ஊரே இருமும்படி புகை போட்டுக்கொண்டிருந்தாள். வந்திறங்கியபோது காட்டுக்குள் ‘டொக், டொக்’ என்று ஏதோ கேட்டது. “மரங்கொத்தி ஐயா, ஓயாமல் கொத்தும்,” என்றிருந்தாள். இப்போது அதுகூட ஓய்ந்துவிட்டது.

“சோறுதான் வெந்திட்டுதே, பிறகேன் அக்கா புகை?”

“புகை மணக்காத சோறு இவருக்கு இறங்காது.”

“ஒருநாளைக்கு இறங்கட்டுமே. எங்கை அவர்?”

“வயலுக்கை. அதோடை நுளம்புக்கடியும் கூட ஐயா.”

“மத்தியானத்திலை என்ன நுளம்பு?”

“எங்கட நுளம்புக்கு நேரங்காலம் தெரியாது.”

கதையை மாற்ற, முற்றத்தில் வெறும் சுவரோடு நின்ற புது வீட்டைக் காட்டினார்.

“கூரை எப்ப போடப்போறியள்?”

அவள் முகம் வாடியது. “கூரை வளைக்கு ஒரு மரம் வெட்ட அனுமதி கேட்டு வருசமாச்சு. மாரி வந்தா சுவர் கரைஞ்சிடும் ஐயா.”

செல்வநாயகத்துக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் தன் பாடு தனக்கு. “கடைசியாக் கேக்கிறன். அடுப்பை வைச்சிருப்பியளோ?”

“வேண்டாம் ஐயா. குறை நினையாதேங்கோ.”

ஜீப்புக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த வன அதிகாரி கனகலிங்கத்தை எழுப்பி, அடுப்பை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வளைவு திரும்பிய பிறகுதான் முற்றத்தில் கழற்றிவைத்த தொப்பியின் நினைவு வந்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி நடந்து திரும்பியவர், வேலியோரம் அப்படியே நின்றுவிட்டார்.

நேசமலர் அடுப்பிலிருந்து இலைகளை வெளியே இழுத்துப் போட்டபடி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஜீப் போயிட்டுது பிள்ளை. புகை அடங்கினதைக் கண்டாத்தான் அப்பா திரும்பக் கோடாலியைத் தூக்குவார்.”

செல்வநாயகம் தொப்பி இல்லாமலே வந்து ஜீப்பில் ஏறினார். காட்டுக்குள் மறுபடியும் ‘டொக், டொக்’.

“அதென்ன சத்தம்?” என்று காதைத் தீட்டினார் கனகலிங்கம்.

“மரங்கொத்தி,” என்றார் செல்வநாயகம். “ஓயாமல் கொத்துமாம். நீங்கள் ஜீப்பை விடுங்கோ.”